சீஸ் தட்டமும் அக்காவின் நேர்த்தியும்

1. அக்கா ஊருக்குத் திரும்புவதற்கு ஐந்து நாள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை பின்னேரம், எங்கள் வீட்டுக்கு ஆறு பேரை அழைத்தோம்.

2. சமையல் வேண்டாம், ஒரு சீஸ் தட்டம் போதும் என்று நான் முடிவெடுத்தேன். அதை அடுக்கியது அக்கா.

3. தட்டம் மிக வடிவாக வந்தது. வந்தவர்கள் சாப்பிட முதல் படம் எடுத்தார்கள்.

4. மேல்மாடியில் குடியிருக்கும் மார்லேன் இறைச்சியும் மீனும் சாப்பிடாதவர். "இதில் எதெல்லாம் நான் சாப்பிடலாம்?" என்று என்னிடம் கேட்டார்.

5. ஒவ்வொன்றாகக் காட்டிப் பதில் சொன்னேன். பதிலில் பிழை இல்லை. அது என் தொழில்.

6. சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது.

7. அந்த நேரம் அக்கா எனக்கு எதிரே நின்று, மார்லேனுக்கு ஆகாது என்று நான் காட்டிய சீஸில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு டச்சு தெரியாது.

இந்த ஏழையும் அன்றைக்கே குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டேன். எங்காவது பிழை நடந்தால் முதலில் நடந்ததை வரிசைப்படி எழுது, காரணத்தைப் பிறகு தேடு என்பது வேலையிடத்தில் பழகியது. காரணத்தை அன்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. காரணம் நான்தான்.

*

நான் நெடுந்தீவில் பிறந்தவள். ஒல்லாந்துக்கு வந்து ஒன்பது வருடம். உணவுத் தொழில்நுட்பம் படித்தேன். இப்போது ஒரு சீஸ் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை. பால் வந்து இறங்கும் நேரத்திலிருந்து அது உறைந்து கட்டியாகும் நேரம் வரை வெப்பம், புளிப்பு, இறுக்கம் என்று அளந்து அளந்து எழுதுவேன். என் கணவர் தர்ஷன் நகரத்தில் ட்ராம் ஓட்டுகிறார். இருவரும் வேலைக்குப் போகும் நேரம் ஒத்துவராது. எங்கள் பிறிஜ் கதவில் எப்போதும் பட்டியல்கள் ஒட்டியிருக்கும்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கலியாணம் செய்து கரம்பொனுக்குப் போனாள். அத்தான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். இரண்டு பெடியள். அக்காவின் தொழில் தட்டம் அடுக்குவது. கலியாணம், சாமத்தியச் சடங்கு, வீடு குடிபூரல் என்று எது வந்தாலும், பழத்தட்டம், பலகாரத்தட்டம், சேலைத்தட்டம் எல்லாவற்றுக்கும் வேலணையிலிருந்து ஊர்காவற்றுறை வரை அவளுக்குத்தான் போன் வரும். சேலையை மயிலாக மடிப்பாள். அன்னாசிப்பழத்தை ஆளுயரக் கோபுரமாக்குவாள். ஆவணி, தை மாதங்களில் அவளோடு ஐந்து நிமிடம் தொடர்ந்து கதைக்க ஏலாது.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. பிறகு ஆறு வாரம் ஒன்றும் தூக்கக்கூடாது, குனியக்கூடாது. தர்ஷனுக்கு இரண்டு வாரம்தான் லீவு கிடைத்தது. அக்கா வந்து நிற்கிறேன் என்று விசாவுக்கு விண்ணப்பித்தாள்.

அதில் ஒரு வேடிக்கை நடந்தது. நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் டெல்ஃப்ட். எங்கள் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பிலும் அதுதான் இருக்கிறது. இங்கேயும் டெல்ஃப்ட் என்று பெயர்போன ஒரு நகரம் உண்டு. விண்ணப்பம் வாங்கிய பெண், அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒல்லாந்தில் பிறந்தவருக்கு எதற்கு விசா என்று கேட்டிருக்கிறாள். அக்கா, "நான் பிறந்த டெல்ஃப்டுக்குக் குறிகட்டுவானிலை வள்ளம் எடுக்கவேணும் தங்கச்சி" என்றாளாம். எனக்கும் நகரசபைக் கந்தோரில் இதே கதை நடந்தது. பிறந்த ஊர் என்ற கட்டத்தை அவர்கள் நிரப்பி, நாடு என்ற கட்டத்துக்கு வந்ததும் மெசினே ஒல்லாந்து என்று போட்டுவிட்டது. அதைத் திருத்த நாலு தடவை போனேன்.

அக்காவின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. காரணம் பிறந்த ஊர் அல்ல. அவள் திரும்பிப் போவாள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். ஒரு புருஷன், இரண்டு பிள்ளைகள், ஒரு வீடு, ஒரு கிணறு, எட்டுப் பரப்புக் காணி. அது போதவில்லை. அடுத்த வருடமும் கொடுத்தாள். அதே கடிதம் வேறு திகதியோடு வந்தது.

இரண்டாவது கடிதம் வந்த அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா நயினாதீவுக்குப் போனாள். அம்மன் வாசலில் நின்று நேர்த்தி வைத்தாள்: தங்கச்சியின் வீட்டுக்குப் போய் அவளைக் கண்ணால் பார்த்து, திரும்பி வந்து இந்த வாசலில் பொங்கும் வரைக்கும் மச்சம் தொடமாட்டேன்.

மீன், நண்டு, இறைச்சி, முட்டை எல்லாம் எங்களுக்கு மச்சம் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கும். தீவில் இருந்துகொண்டு அதை விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதிலும் அக்கா நண்டுப் பைத்தியம். ஒரு நண்டுக் காலோடு அரை மணித்தியாலம் இருப்பாள். அந்த நேரம் வீடு எரிந்தாலும் எழும்ப மாட்டாள். அவள் இரண்டு வருடம் அத்தானுக்கும் பெடியளுக்கும் மட்டும் மீன் காய்ச்சிக் கொடுத்து, தான் பருப்போடும் கத்தரிக்காயோடும் சாப்பிட்டாள். உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்கவில்லை.

மூன்றாம் முறை விசா கிடைத்தது.

*

அக்கா வரும் முன் நான் ஒரு பட்டியல் எழுதிப் பிறிஜ் கதவில் ஒட்டினேன். இடப்பக்கம் 'ஆகும்', வலப்பக்கம் 'ஆகாது'. வலப்பக்கத்தில் எனக்குப் பெருமை. முட்டை போட்ட பாண், மாட்டெலும்பில் எடுக்கும் ஜெலட்டின் போட்ட இனிப்பு, கொழுப்பில் பொரித்த உருளைக்கிழங்கு, மீன் எண்ணெய் சேர்த்த மாஜரின். ஊரிலிருந்து வரும் ஒருவருக்குக் கண்ணிலேயே படாத இருபத்திமூன்று பொருட்களைக் கண்டுபிடித்து எழுதியிருந்தேன். இடப்பக்கத்தை யோசிக்காமல் எழுதினேன். முதல் வரி: பால், தயிர், பட்டர், சீஸ்.

வந்த நாலாம் நாள் காலை, இரண்டு வருடம் பதப்படுத்திய பண்ணைச் சீஸில் ஒரு துண்டை அக்கா வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னடி இது, கற்கண்டு மாதிரிக் கடிபடுது?"

"பழைய சீஸ் அக்கா. காய காய அப்பிடி வரும்."

"கடும்பு மாதிரியும் கிடக்கு. ஆனால் கடும்பு இவ்வளவு வைரமில்லை." மாடு கன்றீன்ற முதல் நாட்களில் கறக்கும் பாலைக் காய்ச்சினால் கட்டியாகுமே, அந்தக் கடும்பைச் சொன்னாள். "எப்பிடிச் செய்யிறது?"

"பாலுக்கு உறை ஊத்துறதுதான். தயிர் மாதிரி."

அந்தப் பதிலில் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது. இங்கே எங்கள் வேலையைப் பற்றி ஊர் ஆட்களுக்குச் சொல்லும்போது பாதிச் சொற்கள் தொண்டையில் சிக்கும். இதற்குச் சுத்தமான தமிழ்ச் சொல் வாயில் வந்துவிட்டது. உறை.

ஆய்வுகூடத்தில் அந்தப் பொருளுக்கு ஸ்ட்ரெம்சல் என்று பெயர். நாளுக்கு நாலு தரமாவது அதன் தொகுதி இலக்கத்தை எழுதுகிறேன். இரண்டு வகை உண்டு. ஒன்றை நுண்ணுயிரில் வளர்த்து எடுப்பார்கள். மற்றது பழைய முறை: பால்குடி மறவாத கன்றை இறைச்சிக்காக வெட்டும்போது அதன் இரைப்பையிலிருந்து எடுப்பது. பண்ணைச் சீஸ் பெரும்பாலும் அந்த இரண்டாம் வகை. நூறு லீற்றர் பாலுக்கு ஒரு சின்னக் கிளாஸ் அளவும் வராது. இதை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். டச்சில் கேட்டால்.

தமிழில் அது எனக்கு உறை. உறை என்றால் ஒரு கரண்டி பழைய மோர். ஒரே தலைக்குள் இரண்டு அட்டவணை இருந்தது, ஒன்றை ஒன்று ஒருநாளும் சந்தித்ததில்லை.

அக்கா அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையும் பாணோடு அந்தச் சீஸைச் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் முழுகிவிட்டு, விளக்கு வைத்துவிட்டு, அதற்குப் பிறகு சாப்பிட்டாள்.

*

விருந்துக்கு வருவோம். அக்கா வந்த நாளிலிருந்து மார்லேனும் என் வேலைத்தோழிகளும் அவளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன்: சனிக்கிழமை, நான்கிலிருந்து ஆறு வரை. அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

"வாற ஆக்களுக்குப் போற நேரமும் எழுதினனியோ?"

"இஞ்சை அப்பிடித்தான் அக்கா."

"ஆறு மணிக்கு எழுப்பிக் கலைக்கிறதோ? சோறும் இல்லை?"

"சோறு இல்லை. சீஸ் தட்டம்."

தட்டம் என்றதும் அவள் முகம் மாறியது. அந்தச் சொல் அவளுடைய வேலைச்சொல். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

நான் ஒரு தாளில் வட்டம் கீறி, மணிக்கூடு மாதிரிப் பிரித்து வைத்திருந்தேன். பன்னிரண்டு மணியில் ஆட்டுப்பால் சீஸ், பிறகு இளம் சீஸ், நற்சீரகச் சீஸ், நீலச் சீஸ், கடைசியாகப் பழைய சீஸ். மென்மையில் தொடங்கி வைரத்தில் முடிய வேண்டும். அந்த வரிசையில் சாப்பிட்டால்தான் நாக்குக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி. ஒரு மணித்தியாலத்துக்கு முன் பிறிஜால் வெளியே எடுத்து வைக்க வேண்டும், குளிரில் வாசம் வராது.

அக்கா தாளைப் பார்த்தாள். "இதென்ன, ஆசுப்பத்திரியிலை மருந்து வைக்கிற தட்டே?"

"வரிசை முக்கியம் அக்கா."

"வரிசை இருக்கட்டும். அஞ்சு சாமான், ஒற்றைப்படை, அது நல்லது. ஆனால் இப்பிடி ஐஞ்சு பேரையும் சமதூரத்திலை இருத்தினால் சண்டை பிடிச்ச ஆக்கள் மாதிரி இருக்கும்."

நீலச் சீஸைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினாள். "பூஞ்சணம் பிடிச்சதை வாற ஆக்களுக்கு வைக்கிறதோ?"

"அது வேணுமெண்டு பிடிக்க வைச்சது."

"எங்கட வீட்டிலை சும்மாவே பிடிக்கும். நாங்கள் படிக்காததாலை எறிஞ்சுபோட்டம்."

பிறகு அவள் வேலையைத் தொடங்கினாள். இளம் சீஸை மெல்லிய முக்கோணங்களாக வெட்டி விசிறி மாதிரி நிமிர்த்தினாள். ஆட்டுப்பால் சீஸை உருட்டி, இடித்த கசுக்கொட்டையில் புரட்டினாள். நற்சீரகச் சீஸை மட்டும் வெட்டாமல் ஒரு பெரிய துண்டாக நிறுத்தி, பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி விழுத்திவைத்தாள்; எப்படி வெட்டுவது என்று வந்தவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். பழைய சீஸைக் கத்தியால் வெட்டப் போன என் கையைப் பிடித்தாள். "உதை உடைக்கவேணும். பனங்கட்டியை ஆரும் வெட்டுறவையோ?" உடைத்தாள். உண்மையில் அதை உடைத்துத்தான் வைக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலைப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. நான்தான் வீட்டில் பின்பற்றுவதில்லை.

முந்திரிகைக் குலையைக் கத்தரிக்கோலால் ஐந்தாறு பழம் கொண்ட சின்னக் குலைகளாக்கினாள், ஒருவர் ஒன்றை முழுதாக எடுக்கலாம். மாதுளையைப் பூவாக விரித்து வைத்தாள். நடுவில் அல்ல, ஓரத்தில். இடைவெளிகளை வால்நட்டால் நிரப்பினாள். ஒரு பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டாள்.

"அங்கை ஏன் ஒண்டுமில்லை?"

"கை போட இடம் வேணுமடி. நிறைஞ்சு வழியிற தட்டத்திலை முதல் ஆள் கை வைக்கமாட்டார்."

கடைசியாகத் தன் பெட்டியைத் திறந்து, பனம்பழக் களியை வெயிலில் தகடாகக் காயவைத்த பினாட்டு ஒரு துண்டை எடுத்து வந்தாள். சின்னச் சின்ன வைர வடிவில் வெட்டிப் பழைய சீஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் சீஸையும் பினாட்டையும் சேர்த்து வாயில் போட்டேன். உப்பு, புளிப்பு, இனிப்பு, லேசான கசப்பு. ஆறு வருடமாகச் சீஸுக்கு எது பொருந்தும் என்று சோதனை செய்கிற இடத்தில் இருக்கிறேன். இது என் மூளைக்கு வந்ததே இல்லை.

மார்லேன் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். கத்தி ஒன்று குறைந்தது. அக்கா என்னிடம், "லாச்சிக்குள்ளை கிடக்கு, எடு" என்றாள். நான் திரும்ப முதல் மார்லேன் போய் லாச்சியை இழுத்துத் திறந்து கத்தியைக் கொடுத்தார். அக்கா திகைத்து நின்றாள். டச்சிலும் லாச்சி லாச்சிதான், எங்களுக்கு அவர்கள் விட்டுவிட்டுப் போன சொல் என்று சொன்னேன். பிறகு இரண்டு பேரும் பொதுச்சொல் தேடும் விளையாட்டைத் தொடங்கினார்கள். கந்தோரும் கக்கூசும் அகப்பட்டன. கக்கூசுக்கு மார்லேன் சிரித்த சிரிப்பு கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அக்காவுக்குத் தெரிந்த ஒரே டச்சுச் சொல் லெக்கர். ருசி என்று அர்த்தம். வந்த ஒவ்வொருவருக்கும் தட்டத்தைக் காட்டி "லெக்கர், லெக்கர்" என்று உபசரித்தாள். என் வேலைத்தோழி ஒருத்தி மாதுளைக்குள் நேராகக் கை விட்டபோது மட்டும் என் காதில், "ஐயோ, பூவைப் பிச்சுப்போட்டாள்" என்றாள்.

அப்போதுதான் மார்லேன் கேட்டார். நான் விரலால் காட்டி டச்சில் சொன்னேன். ஆட்டுப்பாலும் இளம் சீஸும் உங்களுக்கு ஆகும், நுண்ணுயிர் ஸ்ட்ரெம்சல். நற்சீரகமும் நீலமும் பழையதும் ஆகாது, கன்றின் வயிறு.

மார்லேன் நன்றி சொல்லி இளம் சீஸை எடுத்தார். அக்கா கையில் பழையதை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "லெக்கர்" என்றாள்.

*

ஆறு பத்துக்கு எல்லோரும் போய்விட்டார்கள். அக்கா அத்தானோடு போனில் தட்டத்தின் படத்தைக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தாள். குசினியில் நான் தர்ஷனிடம் சொன்னேன்.

அவர் கழுவிய கத்தியைத் துடைத்தபடியே நின்றார். "நீர் இப்ப என்ன செய்யப்போறீர்?"

"சொல்லவேணும்."

"ஏன்?"

"என்ன ஏன்? இரண்டு வருச நேர்த்தி."

"அதுதான் கேக்கிறன். அவவுக்குத் தெரியாது. தெரியாமல் சாப்பிட்டது நேர்த்தியை முறிக்காது. நீர் சொன்னால்தான் முறியும். ஐஞ்சு நாளிலை போய்ப் பொங்கிப்போட்டு நிம்மதியா நண்டு சாப்பிடப்போறா. ஏன் குழப்புறீர்?"

தர்ஷன் கேட்டது நியாயம். ஆய்வுகூடத்தில் பிழை கண்டால் உடனே எழுதுவோம், அந்தத் தொகுதியை நிறுத்துவோம். சாப்பிடப் போகும் ஆட்களைக் காப்பாற்றத்தான் அந்த விதி. இங்கே சாப்பிட்டு முடிந்துவிட்டது. நான் சொல்வதால் யாரைக் காப்பாற்றப் போகிறேன்?

ஆனாலும் அக்கா அம்மன் வாசலில் பானை வைத்துப் பொங்குவதையும், அது வழியும்போது கைகூப்புவதையும், அவள் போனில் அதை எனக்குக் காட்டுவதையும் நினைத்துப் பார்த்தேன். அந்தப் படத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

*

ஞாயிறு காலை அக்கா வழக்கம்போல் கோப்பையில் பாணை வைத்து, பிறிஜால் பழைய சீஸை எடுத்தாள்.

"அக்கா, அதை வையுங்கோ."

"ஏன், பழுதாப்போச்சே?"

"இல்லை. அது சைவமில்லை."

சிரித்தாள். "பாலும் சைவமில்லாமல் போச்சோ உங்கட நாட்டிலை?"

நான் சொன்னேன். முதலில் பொருளின் பெயர், பிறகு அது எங்கிருந்து வருகிறது, பிறகு எவ்வளவு சேர்ப்பது, கடைசியாக, மார்லேனுக்கு இரண்டு சீஸ் மட்டும் ஆகும் என்று நான் சொன்னது. அவள் குறுக்கே கதைக்காமல் கேட்டாள்.

"நீதானே உறை எண்டு சொன்னனீ."

"ஓம். நான்தான் சொன்னனான்."

"உறை எண்டால் மோரெல்லோ."

"ஓம் அக்கா."

"கண்டுக்குட்டியோ?"

"ஓம்."

"பால்குடிக் கண்டோ?"

"ஓம்."

நெடுந்தீவில் எங்கள் வீட்டு மாடுகள் கன்று போடும் நேரங்களில் அக்காதான் பக்கத்தில் நிற்பாள். எழும்பத் தெரியாத கன்றைத் தூக்கி மடியில் விடுவது அவள் வேலை. அது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்திருக்கும்.

அவள் சீஸைச் சுற்றியிருந்த தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, திரும்பப் பிறிஜில் வைத்தாள். போய் முழுகினாள். தலையைத் துவட்டாமலே யன்னலோரக் கதிரையில் இருந்தாள். இரண்டு மணித்தியாலம் நான் குசினிக்கும் அறைக்கும் நடந்தேன்.

"எத்தினை நாள்?" என்று கேட்டாள், திரும்பிப் பார்க்காமல்.

"நாற்பத்தேழு."

"வெள்ளி எத்தினை?"

"ஏழு."

"நீ எண்ணிவைச்சிருப்பாய் எண்டு எனக்குத் தெரியும்." என் பக்கம் திரும்பினாள். "சொல்லாமல் விட்டிருக்கலாமெல்லே?"

"விட்டிருந்தால் நீங்கள் பொங்கி முடிச்சிருப்பியள். முடியேல்லை எண்டு நான் மட்டும் தெரிஞ்சுகொண்டு இருந்திருப்பன்."

"அப்ப உனக்குப் பாரமா இருக்குதெண்டு தூக்கி என்ர தலையிலை வைச்சிட்டாய்."

அவள் சொன்னது சரி.

பின்னேரம் எழும்பி வந்தாள். பிறிஜ் கதவிலிருந்த பட்டியலில் சீஸ் என்ற சொல்லைப் பேனையால் வெட்டினாள். வலப்பக்கம் கடைசி வரியில், தன் சாய்ந்த எழுத்தில், 'கண்டுச் சீஸ்' என்று எழுதினாள். பிறகு, "மற்ற இரண்டும் ஆகுமெண்டு அந்த மனிசிக்குச் சொன்னனீயெல்லோ, அது எது?" என்று கேட்டாள்.

"ஆட்டுப்பாலும் இளஞ்சீஸும்."

"வடிவாத் தெரியுமோ? வேறை மொழியிலையும் ஒருக்கா யோசிச்சுப்பார்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் இளஞ்சீஸில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை என் கோப்பையில் வைத்தாள்.

*

வியாழக்கிழமை விமான நிலையத்தில் மார்லேனும் எங்களோடு வந்தார். அக்காவைக் கட்டிப்பிடித்து ஏதோ நீளமாகச் சொன்னார். அக்கா ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றாள்.

என்னிடம், "அம்மனிட்டை என்ன சொல்லுறதெண்டு பிளேனிலை யோசிக்கிறன்" என்றாள். "உன்னிலை கோவமில்லை எண்டு நான் சொல்லமாட்டன். கொஞ்சம் கிடக்கு. அது போயிடும்."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, நான் வேலையில் இருக்கும்போது, குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து போன் வந்தது. பின்னால் வள்ளத்தின் மெசின் சத்தம். நயினாதீவிலிருந்து திரும்பி வந்திருந்தாள்.

"பொங்கேல்லை" என்றாள்.

"அப்ப?"

"தேங்காய் உடைச்சுக் கும்பிட்டிட்டு, நடந்ததைச் சொல்லிப்போட்டு வந்திட்டன். திரும்ப முதல்லை இருந்து தொடங்கியிருக்கிறன்."

"எதுவரைக்கும் அக்கா?"

"நீ வருமட்டும்."

கடைசியாக நான் ஊருக்குப் போய் ஆறு வருடம். சத்திரசிகிச்சை, லீவு, குடியுரிமைக் கடிதங்கள் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருந்தது. எல்லாக் காரணமும் உண்மை.

"பிழை விட்டது நீ. நீ வந்து எனக்குப் பக்கத்திலை நிண்டால்தான் பானை வைப்பன். அம்மனிட்டையும் அப்பிடித்தான் சொன்னனான்."

"எனக்கு லீவு கிடைக்குமோ தெரியாது அக்கா."

"எனக்கொண்டும் அவசரமில்லை. நண்டு கடலுக்கைதான் கிடக்கு, எங்கையும் போகாது."

"அத்தான் என்ன சொல்லுறார்?"

"அந்த மனிசன் என்ன சொல்லுறது? கணக்கு வாத்தி. இரண்டு வருசமும் நாற்பத்தேழு நாளும் பிழைச்சுப்போச்சாம், விடையை வெட்டிப்போட்டுத் திரும்பச் செய்யட்டாம். பஸ்காரன் கூப்பிடுறான், போனை வை."

வேலைமேசையில் அன்றைய பாலின் தாள் பாதி நிரம்பியிருந்தது. ஸ்ட்ரெம்சல் என்ற கட்டத்தில் தொகுதி இலக்கத்தை எழுதினேன். அதற்குப் பிறகு போய் லீவுப் படிவத்தை எடுத்தேன்.

இன்றைய நிலை இது. மூன்று வாரம் கேட்டேன், இரண்டு வாரம் தந்திருக்கிறார்கள், ஆடி மாதத்தில். தர்ஷனுக்கு லீவு இல்லை; எனக்கு மட்டும் ரிக்கற் எடுத்தாகிவிட்டது. அக்கா இன்னும் மச்சம் தொடவில்லை.